லாஸ்பேட்டையில் எஃப்1 ரேஸ் போடும் கஃபே, நம்பிப் போகலாம்

புதுச்சேரியில் கிரிக்கெட்டுக்குத் திரை கட்டும் கடைகளுக்குக் குறைவில்லை, எஃப்1 எனும் ஃபார்முலா ஒன் கார் பந்தயத்துக்காகவே கட்டும் இடம் எனக்குத் தெரிந்து இது ஒன்றுதான். நான் கடலூரிலிருந்து பஸ் பிடித்து வருகிறேன், அந்த அலைச்சலுக்குத் தகுந்த இடம். ஐரோப்பாவில் நடக்கும் ரேஸ் கோடையில் பெரும்பாலும் நமக்கு மாலை 6:30-க்குத் தொடங்கும், ஆனால் ஆறு மணிக்கே போய் உட்கார்ந்துவிடுங்கள். கடை நடத்தும் அண்ணன் அந்த அரை மணி நேரத்தில் வெள்ளைப் பலகையில் காரின் அடிப்பாகத்தை வரைந்து, இந்த வாரம் எந்த டீம் எதை மாற்றியிருக்கிறது, எதற்காக மாற்றியது என்று சொல்லுவார். அதற்காகவே போகலாம்.

ஒரே டீம் ஜெயித்துக்கொண்டே இருந்தால் பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பவர்களை இங்கே கூட்டி வர வேண்டும். 2023-இல் ரெட் புல் 22 ரேஸில் 21 ஜெயித்தது, அதில் அவர்களுடைய டிரைவர் வெர்ஸ்டாப்பன் மட்டும் 19, கையை விட்டுப் போனது சைன்ஸ் ஃபெராரியில் ஜெயித்த சிங்கப்பூர் ஒன்றுதான். அதே வருடம் முதல் இரண்டு ரேஸில் ஒரு பாயிண்ட்கூட எடுக்காத மெக்லாரன், ஆஸ்திரியா ரேஸுக்குப் புது ஃப்ளோரும் (காரின் அடித்தளம்) சைட்பாடும் (காரின் பக்கவாட்டுப் பகுதி) கொண்டு வந்தது, அடுத்த ரேஸே சில்வர்ஸ்டோனில் அவர்களுடைய டிரைவர் நோரிஸ் இரண்டாவது. 2024-இல் டீம் பட்டமே அவர்களுக்கு, 1998-க்குப் பிறகு முதல் முறை, 2025-இலும் விடவில்லை. முதலில் ஓடும் காரையே பார்த்துக்கொண்டிருந்தால் இதெல்லாம் கண்ணில் படாது. அதனால்தான் பெரிய திரைக்குப் பக்கத்தில் இன்னொரு சின்னத் திரையில் லேப் டைம், அதாவது ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம், மட்டும் ஓடவிடுகிறார்கள், எட்டாவது ஒன்பதாவது இடத்துக்காரன் லேப்புக்கு லேப் எவ்வளவு நெருங்குகிறான் என்பதை அதில் பார்த்தால் நாற்காலியை விட்டு எழ மனம் வராது.

மெர்சிடிஸ் 2014 முதல் 2021 வரை தொடர்ந்து 8 டீம் பட்டம் எடுத்ததையும், ஒரு டீம் வருடத்துக்கு இவ்வளவுதான் செலவழிக்கலாம் என்று 2021-இல் வந்த 14.5 கோடி டாலர் வரம்பையும் அண்ணன் சேர்த்தே விளக்கினார். அப்புறம் காற்றுச் சுரங்கச் சோதனைக் கணக்கு, அதாவது காரின் மேல் காற்று எப்படிப் பாய்கிறது என்று ஒரு டீம் எவ்வளவு சோதித்துப் பார்க்கலாம் என்பது. 2022 முதல், பட்டம் வென்ற டீமுக்கு நிர்ணயித்த அளவில் 70 சதவீதம்தான், பத்தாவதாக வந்த டீமுக்கு 115. பின்னால் இருப்பவன் எப்படி எட்டிப் பிடிக்கிறான் என்பது எனக்கு அன்றைக்குத்தான் சரியாகப் பிடிபட்டது. பிரான் டீம் 2009-இல் இரட்டை டிஃப்யூசரை (காரின் அடியில் போகும் காற்றைப் பின்னால் வெளியேற்றும் பாகம்) வைத்து முதல் 7 ரேஸில் 6 ஜெயித்த கதையையும் கேளுங்கள், சொல்லச் சொல்ல அவருக்கே உற்சாகம் தாங்காது.

குறையும் உண்டு. ஃபில்டர் காபி அருமை, ஆனால் சாண்ட்விச் சொன்னால் பத்து லேப் தாண்டித்தான் வருகிறது, அதனால் ரேஸுக்கு முன்பே சொல்லிவிடுங்கள். பின் வரிசைக்கு ஏசி எட்டாது, கமென்ட்ரியும் சரியாகக் கேட்காது, ஒரு ஸ்பீக்கர் அங்கேயும் வைக்கலாம். கார் நிறுத்த இடம் கிடையாது, பைக்தான் சரி. 2026-இல் இன்ஜின் விதி மாறி, மின்சாரத்தின் பங்கு கிட்டத்தட்டப் பாதியாகி, ஆடியும் காடிலாக்கும் சேர்ந்து 11 டீம் ஆகிவிட்டதால் கூட்டம் கூடுகிறது, முந்தைய நாளே போன் செய்து முன் வரிசையில் மேசை கேட்டுவிடுங்கள்.