பங்கு ஆடா, புரொயிலரா, ஊர்க்கோழியா?

வன்னியில் எங்கள் விசுவமடுப் பக்கம் ஞாயிற்றுக்கிழமையில் இறைச்சி இல்லாவிட்டால் பிள்ளைகள் கோப்பையைத் தள்ளிவிடுவார்கள். ஆனால் கையில் இருக்கிற காசு மாதத்தில் இரண்டு ஞாயிறுக்கு மேல் காணாது. அந்தக் கொஞ்சக் காசையாவது ஊரில் ஆடு கோழி வளர்க்கிற சனத்துக்குப் போகிற மாதிரிச் செலவழிப்போம் என்று ஒரு வருடமாக மாற்றி மாற்றி வாங்கிப் பார்த்தோம்.

கிளிநொச்சி டவுன் சுப்பர்மார்க்கெட்டின் குளிர்ப்பெட்டிக் கோழியைக் குறை சொல்ல மனம் வராது. சுத்தமாகத் துண்டு போட்டிருக்கும், நிறையும் திகதியும் பையிலேயே இருக்கும், விலைக்கழிவு போடுகிற நாளில் ஊர்க் கடையைவிட மலிவாகவும் கிடைக்கும். பஸ் காசையும் ஐஸ் உருகி ஓடுகிற தண்ணீரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால்தான் அந்த மலிவு கரையும். அந்தக் கோழி பெரும்பாலும் குருநாகல், கம்பஹாப் பக்கத்தில் வளர்ந்தது. வன்னிக்கு அதில் மிஞ்சுவது காசாளர் பிள்ளையின் சம்பளம் மட்டுந்தான்.

ஊர்க் கோழிக்கடையில் உயிரோடு நிற்கிற புரொயிலர் அடுத்தது. ஐந்து ஆறு கிழமையில் இரண்டு கிலோவரை வந்துவிடும், உரித்து வெட்டினால் கையில் வருவது ஒன்றரைக் கிலோவுக்கும் குறைவு. ஆகவே கடைக்காரர் சொல்லுகிற விலை உயிர்நிறைக்கா இறைச்சிக்கா என்று முதலே கேளுங்கள், நான் கேட்காமல் இரண்டு தரம் ஏமாந்தேன். எங்கள் ஒழுங்கையில் ஒரு அக்கா கொட்டில் போட்டு வளர்க்கிறா. குஞ்சும் தீனும் வெளியில் இருந்துதான் வருகிறது, 2022 பொருளாதார நெருக்கடியில் தீன் விலை ஏறியபோது ஒரு தொகுதியை வளர்க்காமலே விட்டா. அதனால் இதில் ஊரில் தங்குவது கூலியும் சின்ன இலாபமும்தான். ஆனால் கடையில் வாங்காமல் கொட்டிலுக்கே போய் வாங்கினால் கடைக்காரரின் பங்கும் அவவுக்கே போகும், எங்களுக்கும் கிலோவுக்குக் கொஞ்சம் குறையும்.

ஊர்க்கோழிக்குக் கொடுக்கிற காசு முழுக்க வளர்த்த வீட்டுக்கே. குப்பை கிளறி, கறையான் பொறுக்கி, சோற்றுப் பருக்கையில் வளர்ந்த உருப்படி அது. சரி, ஆனால் ஐந்தாறு மாதம் வளர்த்தும் ஒன்றேகால் கிலோ நிறைதான் வரும், அதில் எலும்புதான் கூட, விலையோ எட்டாது. ஆறு பேர் உள்ள வீட்டுக்கு இது கட்டாது. காய்ச்சல்காரருக்கு ரசம் வைக்கவும் பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியத்துக்கும் வாங்கலாம். வாங்கினாலும் சேவலைக் கேளுங்கள், பேடு அவர்களுக்கு முட்டைக்காசு.

முட்டை ஓய்ந்த லேயர் கோழியைப் பலர் கணக்கில் எடுப்பதில்லை. பண்ணைக்காரர் தொகுதியோடு கழிக்கிற நேரம் மலிவாகக் கிடைக்கும். இறைச்சி இறுக்கம், குக்கரில் வைத்துக் குழம்பாக்கினால் புரொயிலரைவிட ருசி. மாட்டிறைச்சி எங்கள் வீட்டில் இல்லை, ஆகவே அதைப்பற்றி நான் கதைக்கக் கூடாது.

இனிப் பங்கு ஆடு. எட்டு வீடு சேர்ந்து ஒரு கிடாய் பிடித்து, அடித்து, எட்டாகப் பிரிப்பது. இருபது கிலோக் கிடாயில் எலும்போடு ஒன்பது பத்துக் கிலோ வரும், ஆகப் பங்குக்கு ஒரு கிலோவும் கொஞ்சமும். குடல், ஈரல், இரத்தம் தனியாகப் பிரியும், அதில் இன்னொரு நேரக் கறியும் வறையும் ஆகிவிடும். தலை யாருக்கு என்று சீட்டுத்தான் போடுகிறோம். கடையில் கிலோ ஆட்டிறைச்சி வாங்குகிற காசுக்கு இங்கே கூடுதலாகவே கிடைக்கிறது, ஆனால் மாதம் ஒரு தரத்துக்கு மேல் எங்களால் ஏலாது.

இதில் வளர்க்கிறவருக்கு என்ன இலாபம் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. காலபோக விதைப்பு வருகிற ஒக்டோபர், நவம்பரில் பசளைக்கும் உழவுக்கும் காசு தேவைப்பட்டு ஆட்டை அவிழ்த்து விற்பார்கள். அந்த நேரம் பார்த்து வருகிற வியாபாரி தராசு கொண்டுவருவதில்லை. கண்மதிப்பில் நிறை சொல்லுவார், அவர் கண்ணுக்கு எந்த ஆடும் மெலிந்துதான் தெரியும். நாங்கள் சாக்கில் போட்டுத் தராசில் தூக்கி, வியாபாரி சொன்னதைவிடக் கூடக் கொடுக்கிறோம், அப்படியிருந்தும் எங்களுக்குக் கடை விலையைவிடக் குறைவு.

பங்கின் கெட்ட பக்கம் கடன். "நெல்லு வித்திட்டுத் தாறன்" என்று நான்கு வீடு சொன்னால் ஆட்டுக்காரரின் விதைப்பு நின்றுபோகும், பிறகு வியாபாரிக்கும் எங்களுக்கும் என்ன வித்தியாசம்? இப்போது கிழமைக்கு ஒருநாள் சீட்டு மாதிரிச் சேர்த்து, காசு முழுசாகச் சேர்ந்த பிறகுதான் ஆடு பார்க்கப் போகிறோம். அடிக்க முன்னர் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் கேட்டுவிடுவது நல்லது. பூரணை நாளில் இறைச்சி விற்கத் தடை, அதையும் கலண்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் இப்போது மாதத்துக்கு ஒரு ஆட்டுப் பங்கு, ஒரு தரம் அக்காவின் கொட்டில் கோழி. லேயர் கழிக்கிற செய்தி வந்தால் கோழியை விட்டு அதற்குப் போவோம். மிச்ச ஞாயிறுகளில் முட்டைக் குழம்பு, முட்டையும் அதே ஒழுங்கையில்தான்.