நாற்று நடுவதா, ஓடையைத் திறப்பதா?

கழிமுகத்தில் மீன்குஞ்சுகள் வளரும் இடத்தைக் காக்க ஒரு குழு கூடினால், முதலில் எழும் பேச்சு, உப்புநீர்ச் சேற்றில் வளரும் அலையாத்தி மரத்தின் நாற்று நடவுதான். கடல்நீர் வந்துபோகும் ஓடை தூர்ந்திருக்கிறது, அதைத் திறந்துவிட்டால் போதாதா என்று பின்வரிசையிலிருந்து யாராவது கேட்பார். எங்கள் குழு அந்தப் பின்வரிசைக்காரரின் பக்கம் சாய்ந்தது. ஆகவே இந்த அலசலில் முழு நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

நடவின் வசதிகள் தெரிந்தவையே. ஒரே நாளில் முடியும், ஊரே கலந்துகொள்ளலாம், நிதி தந்தவருக்கு எண்ணிக்கை காட்டலாம். சிக்கல் இடத்தில் இருக்கிறது. தகராறு இல்லாத நிலம் தேடினால் பெரும்பாலும் கிடைப்பது தாழ்வான சேற்றுத்திட்டு. அலையாத்தி மரங்களோ சராசரிக் கடல்மட்டத்துக்கு மேலே, ஓதம் என்னும் கடல்நீர் ஏற்றம் ஏறி இறங்கி வேர்கள் மூச்சுவிடும் உயரத்தில் வளர்பவை. அதற்குக் கீழே நட்டால் கன்று நெடுநேரம் மூழ்கிக் கிடக்கும். தண்டில் கொட்டலசு என்ற ஓடுள்ள சிற்றுயிர் அப்பிக்கொள்ளும். பிலிப்பைன்ஸின் பெருநடவுகளில் நீண்டகாலம் பிழைத்தவை பொதுவாக 10 முதல் 20 விழுக்காடுதான். சில இடங்களில் கடற்புல் படுகையின் மேலேயே நட்டார்கள். அதுவும் மீன்குஞ்சுகள் வளரும் இடம்தான் என்பதை யார் சொல்வது!

ஓடைக்கு வருகிறேன். கரையோ, சாலையோ, கைவிடப்பட்ட இறால் குளத்தின் வரப்போ ஓதத்தை மறித்தால், தேங்கிய நீர் ஆவியாகி மண் உப்பேறுகிறது, மரங்கள் பட்டுப்போகின்றன. வழியைத் திறந்தால் அந்த உப்பு கழுவப்படும். அருகில் தாய்மரங்கள் இருந்தால் விதைகள் மிதந்துவந்து தாமே ஊன்றும். மடவை, கொடுவா, இறால் ஆகியவற்றின் குஞ்சுகள் ஓதத்தோடு ஏறிவருபவை என்பதால், மரத்துக்கு முன்பே அவற்றுக்கு ஒரு வழி வேண்டும். பிச்சாவரத்தில் சிதைந்த பகுதிகளை மீட்டபோதும் மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டி, அவற்றின் சரிவில்தான் கன்றுகளை நட்டார்கள். நடவே கூடாது என்று நான் வாதிடவில்லை. நீர் வந்த பிறகு நடலாம்.

ஆனால் எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. வெட்டிய வாய்க்கால் வண்டலால் மூடிக்கொண்டே வரும். தூர்வாரும் வேலைக்கு முடிவே இல்லை. இதைக் கேட்டவுடன் பலர் நடவுக்கே திரும்பிவிடுகிறார்கள். நான் இதையே சாதகமாகப் பார்க்கிறேன். நட்ட கன்று செத்தால் யாருடைய பையும் கரைவதில்லை. காவல்காரரின் சம்பளம் நின்றதும் திட்டமும் நின்றுபோகும். ஓடை அடைபட்டால் படகு தட்டும், இறால் குளத்துக்காரரின் நீர் நாறும். உடனே சண்டைக்கு வருகிறார்கள், மண்வெட்டியோடும் வருகிறார்கள். ஓடை பலருடைய நிலத்தின் வழியே போவதால் அவர்களின் சம்மதம் இல்லாமல் தொடங்கவே முடியாது. எங்களுக்கு மிகவும் இழுபறியானது உப்புநீர் வயலுக்குள் ஏறுமோ என்ற விவசாயிகளின் அச்சம். அது நியாயமானது. அந்தப் பக்கக் கரையை உயர்த்திய பிறகே பேச்சு நகர்ந்தது. ஓடைவாயில் சிறுகண்ணி வலை கட்டுவதில்லை என்பதையும் சேர்த்தே ஒப்புக்கொள்ள வைத்தோம். வலை குறுக்கே நின்றால் உள்ளே எத்தனை மரம் இருந்தும் குஞ்சு தங்காது.

மூன்றாவதாகக் கடற்புல் மீட்பு. அமெரிக்காவின் வர்ஜீனியா கடலோர விரிகுடாக்களில் இருபது ஆண்டுகளாக 7 கோடிக்கும் அதிகமான விதைகளைத் தூவி, சுமார் 3,600 ஹெக்டேர் புல்வெளியை மீட்டிருக்கிறார்கள். புல்லுக்கு வெளிச்சம் இறங்கும் தெளிந்த நீர் வேண்டும். எங்கள் நீர் கலங்கலானது என்பதால் நாங்கள் முயன்றதில்லை. இதில் என் கருத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

சுற்றிலும் தாய்மரமே இல்லாத இடத்தில், உயரம் சரியாக இருந்தால், நடவையே சொல்வேன். ஓடையை மறிக்கும் வரப்பின் சொந்தக்காரர் மறுக்கிறார் என்பதற்காக மட்டும் நடவுக்குப் போகாதீர்கள். நாற்று வாங்கும் பணத்தை வைத்துக்கொண்டு இன்னொரு முறை அவரைப் போய்ப் பாருங்கள்.