ஹீட்டரின் 26 வேறு, தண்ணீரின் 26 வேறு

மூணாறு பக்கம் சூரியநெல்லியில் இருக்கும் நண்பன் போன வாரம் கூப்பிட்டான். "மாப்ள, பிள்ளைகளுக்கு ஆமை வாங்கிக் குடுத்தேன். பனி விழ ஆரம்பிச்சதுல இருந்து ஒண்ணும் திங்க மாட்டேங்குது. நீ தொட்டித் தண்ணிக்கு வச்சிருக்கிற ஹீட்டரை வாங்கலாமா?"

ஒரு வார்த்தையில் பதில் சொல்ல வரவில்லை. அந்த ஹீட்டரோடு மூன்று பனிக்காலம் குடித்தனம் நடத்தியிருக்கிறேன்.

எங்கள் ஆமை, கண்ணுக்குப் பின்னால் சிவப்புக் கோடு போட்ட நீர் ஆமை. உடுமலையில் மகள் அடம்பிடித்து வாங்கியது, பெயர் பட்டாணி. அது வீட்டுக்கு வந்த அன்றே அம்மா, "ஆமை புகுந்த வீடும் அமீனா புகுந்த வீடும் உருப்பட்டதில்ல" என்று சொல்லிவிட்டுப் படுக்கப் போய்விட்டார். மூன்று வருடத்தில் அமீனா வரவில்லை. கரண்டு பில்தான் வந்தது.

ஹீட்டர் 100 வாட். கண்ணாடிக் குழாய், தலையில் எத்தனை டிகிரி வேண்டும் என்று திருப்பி வைக்க ஒரு திருகு, உள்ளே சூடாக்கும்போது எரிகிற ஒரு சிவப்பு விளக்கு. எல்லா மீன் தொட்டிக் கடையிலும் தொங்குகிற அதே சாமான்தான், ஸ்டிக்கர் மட்டும் மாறும். அதைப் பற்றி மேலே சொல்ல ஒன்றுமில்லை. என் கோபமெல்லாம் அந்தத் திருகின் மேல்தான்.

முதல் வருடம் 26-இல் வைத்தேன். விளக்கு எரிந்தது, நிம்மதியாக இருந்தேன். இங்கே மூணாறில் ஜனவரியில் செண்டுவாரை, லட்சுமி எஸ்டேட் பக்கமெல்லாம் விடியற்காலையில் புல் வெள்ளையாகிவிடும். எங்கள் வீட்டுக்குள்ளேயே காலை ஆறு மணிக்கு 11 டிகிரி. பட்டாணி மதியம் நாலு தீனி உருண்டை தின்னும். அதைப் பார்த்து நாங்களும் போட்டுக்கொண்டே இருந்தோம். ஒரு நாள் சாயங்காலம் பார்த்தால், ஒரு உருண்டையை வாயில் கவ்வியபடி கழுத்தை நீட்டி அப்படியே நின்றது. மெல்லவுமில்லை, துப்பவுமில்லை. கொஞ்ச நேரத்தில் உருண்டை தானாக நழுவி, ஊறிப்போய், தண்ணீரில் தூளாகக் கரைந்தது. யோசித்துப் பார்த்தால் நாலு நாளாக அது வெளிக்கே போகவில்லை.

கால்நடை டாக்டர் போனில் கேட்ட முதல் கேள்வி: "தண்ணி எத்தனை டிகிரி?" 26 என்றேன். "தெர்மாமீட்டர்ல பாத்தீங்களா?" இல்லை. வாங்கி வந்து போட்டால் 20.

ஆமைக்குச் சொந்தச் சூடு கிடையாது. வயிற்றில் போனது செரிக்கவும் தண்ணீரும் வெயிலும்தான் அடுப்பு. தண்ணீர் நன்றாகக் குளிர்ந்துவிட்டால் வாயைத் திறக்காது, அது பரவாயில்லை. பாதிச் சூடுதான் மோசம். பசி இருக்கும், தின்னும், தின்றது உள்ளேயே கிடக்கும். டாக்டர் தீனியை நிறுத்தச் சொன்னார். சூட்டையும் ஒரேயடியாக ஏற்றாமல் ஒன்றிரண்டு டிகிரியாக ஏற்றச் சொன்னார். ஒரு வாரத்தில் சரியானது.

நியாயமாகப் பேசினால் அந்த 20-க்கு ஹீட்டரைக் குற்றம் சொல்ல முடியாது. மூன்றடித் தொட்டி, நூறு லிட்டர் தண்ணீர், 11 டிகிரி அறை. அதற்கு 100 வாட் போதாது. ராத்திரி முழுக்க விளக்கு அணையாமல் எரிந்ததே, "என்னால் முடியவில்லை" என்று அது சொன்னதுதான். எனக்குத்தான் புரியவில்லை. ஆனால் ஏப்ரலில் அறை 22-க்கு வந்த பிறகு கவனித்தேன். திருகு 26-இல் இருக்கிறது, விளக்கு அணைகிறது, தெர்மாமீட்டரில் 23. இதற்கு என்ன சாக்கு? மூன்று டிகிரி பொய். அதன் பிறகு 29-இல் வைத்துத்தான் 26 வாங்கினேன். தெரியாதவன் அந்த நம்பரை நம்பித்தானே தீனி போடுவான்?

இரண்டாம் வருடம் தண்ணீரைப் பாதியாகக் குறைத்தேன். மீன்காரச் சேட்டனிடம் தெர்மாகோல் பெட்டி வாங்கி வெட்டி மூன்று பக்கமும் ஒட்டினேன். ஒரு வாரம் வீடெல்லாம் மத்தி வாடை, பக்கத்து வீட்டுப் பூனை ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆனால் விடியற்காலையிலும் 25 நின்றது. நாளுக்குப் பன்னிரண்டு மணி நேரம் எரிந்தால் 1.2 யூனிட், இரண்டு மாதப் பில்லில் 72 யூனிட். அம்மா சொன்ன அமீனா இதுதானோ என்னவோ.

தீனி இப்போது ஒரு நாள் விட்டு ஒரு நாள், மதியம் மட்டும். அதன் தலை அளவுக்கு உருண்டை, கூடவே வட்டவடை கேரட் துருவல். மழைக்காலத்தில் மண்புழு கிடைக்கும், ஆனால் மருந்தடிக்கிற தேயிலைக் காட்டிலிருந்து எடுக்க வேண்டாம். டப்பாவில் வரும் காய்ந்த இறால் வெறும் நொறுக்குத்தீனி, அதில் பழக்கினால் வேறெதையும் தொடாது. அப்புறம் வெயில். ஆமை ஓடு கெட்டியாக வேண்டிய UVB என்ற புற ஊதாக் கதிர், ஜன்னல் கண்ணாடி வழியாக வரும் வெயிலில் வராது. பன்னிரண்டு மணிக்கு, பாதி நிழல் விழுகிற மாதிரி, அகலத் தட்டில் முற்றத்தில் வைக்கிறோம்.

இந்த ஜனவரியில் ஹீட்டர் போய்விட்டது. சுவிட்சை அணைக்காமல் தண்ணீர் மாற்றினேன். வெளியே எரிந்துகொண்டிருந்த குழாயில் குளிர்ந்த தண்ணீர் பட்டதும் 'டிக்' என்று ஒரே கீறல். தப்பு என்னுடையதுதான், அட்டைப் பெட்டியிலும் போட்டிருக்கிறது, எறும்பு எழுத்தில். நல்லவேளை, உள்ளே கை வைக்கும் முன் பிளக்கைப் பிடுங்கினேன். ஆமையே ஓட்டால் இடித்துக் குழாயை உடைப்பதும் உண்டு. அதனால் ஓட்டை போட்ட பிவிசி பைப்புக்குள்தான் அதை வைத்திருந்தேன். ராத்திரியில் அந்தப் பைப்பின் மேல் தாடையைச் சாய்த்துக்கொண்டு பட்டாணி தூங்கும். அதைப் பார்ப்பதற்காகவே மகள் பாத்ரூம் போகிற சாக்கில் எழுந்து வருவாள்.

நண்பனிடம் சொன்னேன்: "அந்த ஹீட்டரை வாங்காத. தெர்மாமீட்டரை மொதல்ல வாங்கு." முடியாவிட்டால் ஆற்றில் விட்டுவிடலாமா என்று கேட்டான். கூடவே கூடாது. இது அமெரிக்க ஆமை. ஆற்றில் பெருகினால் நம் ஊர் ஆமைகளுக்கு இடமிருக்காது. திருச்சூர் பக்கம் பீச்சியில் இருக்கும் கேரள வன ஆராய்ச்சி நிலையம், வளர்க்க முடியாதவர்கள் இதை ஒப்படைக்கலாம் என்று 2021-இல் கேட்டுக்கொண்டது. அப்படியானால் சின்னாறு காட்டில் ஆமை பிடித்து வளர்க்கலாமே என்கிறான். அங்கே இருப்பது நட்சத்திர ஆமை, அதை வீட்டில் வைத்தால் வனத்துறை வழக்குப் போடும், ஹீட்டர் செலவெல்லாம் அதற்கு முன்னால் தூசு.

நான் எதை வாங்கினேன் என்றுதானே கேட்பீர்கள்? ஞாயிற்றுக்கிழமை உடுமலைக்குப் போய் அதே ஹீட்டரைத்தான் வாங்கி வந்தேன், இந்த முறை இரண்டு. விலை ஐம்பது ரூபாய் குறைந்திருக்கிறது. இரண்டையும் 26-இல் வைத்துப் பார்த்தேன். ஒன்று 23, இன்னொன்று 28.