வேலூர் வெயிலில் கோடு தெரியாத கண்ணாடிக் குழாய்

கரியமில வாயுவின் நிலைமாறு புள்ளியை, அதாவது திரவமும் ஆவியும் வேறுபாடின்றி ஒன்றாகிவிடும் நிலையை, கண்ணால் காட்டுவதற்கென்று விற்கப்படும் மூடிய கண்ணாடிக் குழாய் ஒன்றை, காட்பாடியில் நான் வேதியியல் கற்பிக்கும் பள்ளிக்காகக் கடந்த மே மாதம் இணையவழியில் வாங்கினேன். பெட்டியைப் பிரித்தபோது குழாய் வெறுமையாகத் தெரிந்தது. திரவ மட்டத்தைக் காட்டும் கோடு எங்கும் இல்லாததால், வாயு கசிந்துவிட்டது என்று முடிவுகட்டித் திருப்பி அனுப்பவே இருந்தேன்.

குற்றம் குழாயினுடையதன்று. கரியமில வாயுவின் நிலைமாறு வெப்பநிலை 31 டிகிரி செல்சியஸ். அதற்கு மேல் எவ்வளவு அழுத்தினாலும் அது திரவமாவதில்லை. அக்னி நட்சத்திர நாட்களில் எங்கள் ஆய்வகம் காலையிலேயே அந்த எல்லையைத் தாண்டிவிடுகிறது. மண்பானைத் தண்ணீரை பீக்கரில் ஊற்றிக் குழாயை அதில் நிறுத்திய பிறகுதான் பொருளின் அருமை புரிந்தது. முதலில் உள்ளே பால் கலந்தாற்போல் வெண்மை படர்ந்தது. அப்புள்ளியை நெருங்கும்போது அடர்த்தி இடத்துக்கு இடம் ஓயாமல் ஏறியிறங்குவதால் ஒளி அவ்வாறு சிதறுகிறது. பின்னர் வெண்மை விலகி, மெல்லிய கோடு ஒன்று தோன்றி, கீழே திரவமும் மேலே ஆவியுமாகப் பிரிந்தது. மாணவர்கள் நான்கு முறை திரும்பச் செய்யச் சொன்னார்கள்.

கோடு குழாயின் நடுவில் தோன்றியதே தயாரிப்பின் தரத்துக்குச் சான்று. லிட்டருக்கு ஏறத்தாழ 468 கிராம் என்ற அளவில் வாயுவை அடைத்தால்தான் அது நடக்கும். குறைத்து அடைத்திருந்தால் சூடேற்றும்போது கோடு அடிவரை இறங்கிவிடும், கூட்டி அடைத்திருந்தால் உச்சிக்கு ஏறிவிடும். தடித்த கண்ணாடியும் சுற்றியுள்ள அக்ரிலிக் உறையும் நம்பிக்கை தருகின்றன.

செய்முறைக் குறிப்பேடு மட்டும் ஏமாற்றம். அறை வெப்பநிலையில் கோடு தெரியும், வெந்நீரில் வைத்தால் மறையும் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. இந்த வாயுவை ஆராய்ந்து 1869இல் முடிவுகளை அறிவித்த தாமஸ் ஆண்ட்ரூஸ் பெல்ஃபாஸ்டில் பணியாற்றியவர். அந்தக் குளிருக்கு இக்குறிப்பு பொருந்தும், இங்கே மார்கழி விடியலுக்குத்தான் பொருந்தும். அதைவிடப் பெரிய குறை, வெயிலில் வைக்கக் கூடாது என்ற எச்சரிக்கை இல்லாதது. 31 டிகிரியில் வளிமண்டல அழுத்தத்தைப் போல் சுமார் 73 மடங்காக இருக்கும் உள்ளழுத்தம், 40 டிகிரியில் 90 மடங்கை நெருங்கும்.

விற்பனையாளர் இதே குழாயில் சல்ஃபர் ஹெக்சாஃபுளோரைடை அடைத்துத் தந்தால், அதன் நிலைமாறு வெப்பநிலை 45.5 டிகிரி என்பதாலும் அழுத்தம் பாதியளவே என்பதாலும், மே மாத வகுப்புக்காக இன்னொன்று வாங்கிக்கொள்வேன்.