ஜிஆர்இ கட்டுரை: கோச்சிங்கா, டெம்ப்ளேட்டா, தனியாக எழுதிப் பார்ப்பதா?

முதலில் ஒன்று. வெளிநாட்டில் மேற்படிப்புக்காக எழுதும் ஜிஆர்இ தேர்வில், அடுத்தவர் வாதத்தை அலசும் 'ஆர்கியுமென்ட்' கட்டுரை 2023 செப்டம்பரிலிருந்து கிடையாது. ஒரு பொதுக் கருத்தைப் பற்றி உங்கள் நிலைப்பாட்டை எழுதும் 'இஷ்யூ' மட்டும்தான், 30 நிமிடம், மதிப்பெண் 0 முதல் 6 வரை. சீனியர் கொடுத்த நோட்ஸ் பழசாக இருந்தால் பாதியைக் கிழித்துவிடலாம்.

குவான்ட் (கணக்கு), வெர்பல் (ஆங்கிலம்) பகுதிகளுக்காக அண்ணா நகரிலோ தி.நகரிலோ கோச்சிங் சேர்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. கட்டுரைக்காக மட்டும் என்றால் வேண்டாம். சேர்ந்தே ஆக வேண்டுமென்றால், "சார், நான் எழுதுறதை யார் திருத்துவாங்க, எப்போ திருப்பித் தருவீங்க?" என்று கேளுங்கள். மழுப்பினால் கிளம்பிவிடலாம்.

எந்தத் தலைப்புக்கும் பொருத்திக்கொள்ளலாம் என்று உருப்போடும் டெம்ப்ளேட்தான் பெரிய ஆசை. பிளஸ் டூ வரை கட்டுரையை உருப்போட்டே வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! ஆனால் தேர்வை நடத்தும் இடிஎஸ், ஒரே மாதிரியான கட்டுரைகளைக் கண்டுபிடிக்க மென்பொருள் வைத்திருக்கிறது. மாட்டினால் மதிப்பெண்ணே ரத்தாகலாம். தவிர, ஒவ்வொரு தலைப்புக்கும் கீழே தனி அறிவுறுத்தல் இருக்கும். ஒன்றில் இரு தரப்பையும் அலசச் சொல்வார்கள். இன்னொன்றில் அந்தக் கருத்து எங்கே பொருந்தாது என்று கேட்பார்கள். உருப்போட்ட அச்சு இதைக் கவனிக்காது.

என் ஓட்டு மூன்றாவதுக்கு, தனியாக எழுதிப் பார்ப்பதற்கு. தேர்வில் வரக்கூடிய தலைப்புகள் எல்லாமே இடிஎஸ் தளத்தில் இலவசமாக இருக்கின்றன. எல்லாவற்றையும் முழுதாக எழுத வேண்டாம். பெரும்பாலானவற்றுக்கு ஐந்து நிமிடத் திட்டம் போதும்: உங்கள் நிலைப்பாடு, இரண்டு உதாரணம், ஓர் எதிர்வாதம். உதாரணத்துக்கு ஐன்ஸ்டீனைத் தேடி ஓடாதீர்கள். அரசு எதையும் கட்டாயமாக்கலாமா என்று தலைப்பு வந்தால், 2003-இல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானதையும், அப்படியிருந்தும் 2019-இல் சென்னை குடங்களோடு லாரிக்குக் காத்திருந்ததையும் எழுதலாம். ஆதரவும் மறுப்பும் அதிலேயே இருக்கிறது.

இந்த வழியில் ஒரே குறை, திருத்த ஆள் இல்லை. இடிஎஸ்ஸின் 'ஸ்கோர்இட்நவ்', பயிற்சிக் கட்டுரைக்கு மதிப்பெண் தரும் கட்டணச் சேவை. மதிப்பெண் போடுவது கணினி. அசல் தேர்விலும் மனிதரோடு கணினியும் திருத்துவதால், கடைசி வாரத்தில் அதைப் பார்ப்பதில் தப்பில்லை. ஏஐ சாட்பாட் உங்கள் கட்டுரையைத் தன் நடைக்கு மாற்றிவிடும். ஓட்டைகளை மட்டும் காட்டச் சொல்லுங்கள். இவற்றைவிட, கூடவே ஜிஆர்இ எழுதும் நண்பரோடு கட்டுரைகளை மாற்றிப் படிப்பது மேல்.

எப்படியானாலும் வெறும் நோட்பேடில் டைப் செய்து பழகுங்கள். தேர்வு மென்பொருளில் ஸ்பெல் செக் கிடையாது.