லடாக்கில் டோசர்: பல குளிர்காலம் ஓட்டிய பிறகு சொல்ல வேண்டியவை

பெங்களூரில் மெட்ராஸ் சாப்பர்ஸ் (ராணுவப் பொறியாளர் படைப்பிரிவு) பயிற்சி முடித்து, சமதளத்தில் மண் தள்ளும் டோசர் ஓட்டிக் கை பழகியவருக்குக்கூட லடாக்கில் அதே வண்டி புது வண்டியாகத்தான் தெரியும். பெங்களூர் சுமார் 900 மீட்டர் உயரம், லே 3,500. சாலை வெட்டும் இடங்கள் பல 5,000 மீட்டருக்குப் பக்கம். அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் உள்ளதில் பாதிதான். டர்போ (காற்றை அழுத்தி உள்ளே தரும் கருவி) இல்லாத டீசல் இஞ்சின் 300 மீட்டர் ஏறினால் ஏறத்தாழ 3 சதவீதம் சக்தியை இழக்கும். அதனால் கீழே தள்ளிய அதே சுமையை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. முதல் கியரில், பிளேடு (முன்னால் மண் தள்ளும் தகடு) பாதி நிறைந்தால் போதும். கரும்புகை தொடர்ந்து வந்தால் பிளேடைக் கொஞ்சம் தூக்குங்கள். தண்ணீரும் இங்கே சீக்கிரம் கொதிக்கும், ரேடியேட்டர் மூடியின் ரப்பர் தேய்ந்திருந்தால் கூலன்ட் (இஞ்சினைக் குளிர்விக்கும் திரவம்) பொங்கிவிடும்.

உயரத்துக்கு உடம்பு பழக ராணுவம் தரும் நாட்களை வீணாக்க வேண்டாம். முதல் கட்டம் 6 நாள், அதில் முதல் இரண்டு நாள் முழு ஓய்வு. பிறகு இஞ்சினை ஓட்டாமல் சீட்டில் உட்கார்ந்து லீவர்களைக் கண் பார்க்காமல் பிடித்துப் பழகலாம். டெசிலரேட்டர் மிதியைக் கட்டாயம் பழக வேண்டும். லாரி ஓட்டியவரின் கால் மிதித்தால் வேகம் கூடும் என்று நினைக்கும். இங்கே மிதித்தால் இஞ்சின் வேகம் குறையும்.

ஸ்டீயரிங் கிளட்ச் (ஒவ்வொரு பக்க டிராக்குக்கும், அதாவது சங்கிலிப் பட்டைக்கும், இஞ்சின் இழுவையைத் தனித்தனியே துண்டிக்கும் கிளட்ச்) உள்ள டோசரில் புதியவரை மலையில் அதிகம் ஏமாற்றுவது இறக்கம். சமதளத்தில் இடது லீவரை லேசாக இழுத்தால் இடது டிராக்குக்கு இழுவை அறுந்து வண்டி இடப்பக்கம் திரும்பும். சரிவில் இறங்கும்போது வண்டியைப் பிடித்து நிறுத்திக்கொண்டிருப்பதே இஞ்சின்தான். அப்போது இடது லீவரை இழுத்தால் அந்த டிராக் தடையில்லாமல் ஓடும், வலது டிராக் மட்டும் இஞ்சின் பிடியில் மெதுவாகப் போகும். வண்டி வலப்பக்கம் திரும்பிவிடும். வலப்பக்கம் பள்ளத்தாக்கு என்றால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை. இறக்கத்தில் திரும்ப வேண்டிய பக்கத்துக் கிளட்சோடு பிரேக்கையும் சேர்த்தே பிடிக்க வேண்டும். முடிந்தவரை இறக்கத்தில் திரும்பாமலே, நேராக இறங்கிச் சமமான இடத்தில் திருப்புவது மேல்.

விளிம்பில் மண் கொட்டும்போது கடைசிக் குவியலைத் தள்ளிவிடாமல் அப்படியே விட்டுவிடுங்கள். அடுத்த நடையில் வரும் மண் அதைத் தள்ளிக்கொண்டு போகும். விளிம்பில் எப்போதும் ஒரு திட்டு நிற்கும், டிராக் ஓரத்துக்குப் போகாது.

எங்கள் கணிப்பில் இங்கே வண்டி கெடுவது வேலை நேரத்தில் குறைவு, நிறுத்தி வைத்திருக்கும் இரவில்தான் அதிகம். சாதாரண டீசலில் குளிருக்கு மெழுகு பிரிந்து ஃபில்டர் அடைக்கும். மண்ணெண்ணெய் கலந்தால் உறைவது குறையும், ஆனால் பம்புக்கு வழுவழுப்பு போய்த் தேய்மானம் வரும். 2019-இல் இந்தியன் ஆயில் கொண்டுவந்த குளிர்கால டீசல் மைனஸ் 33 டிகிரி வரை ஓடும் தன்மை இழக்காது, அதையே போடுங்கள். வேலை முடிந்ததும் டேங்கை நிரப்பி வைத்தால் உள்ளே ஈரம் படியாது. காலையில் வாட்டர் செபரேட்டரை (டீசலில் இருந்து நீரைப் பிரிக்கும் வடிகட்டி) திறந்து அடியில் தேங்கிய நீரை வடித்துவிட வேண்டும். கூலன்ட் பாதிக்குப் பாதி எத்திலீன் கிளைகால் இருந்தால் மைனஸ் 37 வரை கவலையில்லை. பேட்டரியைக் கழற்றிச் சூடான அறையில் வைத்தால் ஸ்டார்ட்டர் சோர்ந்து சுற்றாது. இஞ்சினுக்குள் போகும் காற்றைச் சூடேற்றும் ஹீட்டர் இருந்தால், ஸ்டார்ட் ஆக உதவும் ஈதர் ஸ்பிரே அடிக்கவே கூடாது, வெடிக்கும். அணைக்கும் முன் 5 நிமிடம் ஐட்லிங்கில் விட்டால் டர்போ பிழைக்கும்.

டிராக்கில் ஒட்டிய சேறு இரவில் கல்லாகிவிடும். இருட்டுவதற்குள் மண்வெட்டியும் கம்பியும் கொண்டு ரோலர் இடுக்குகளைச் சுரண்டி, மரப்பலகைமேல் ஏற்றி நிறுத்துங்கள். அப்படிச் செய்யாமல் காலையில் வலுக்கட்டாயமாக நகர்த்தினால் ஃபைனல் டிரைவுக்குத்தான் (டிராக்கைச் சுற்றும் கடைசிப் பல்சக்கரத் தொகுதி) அடி. டிராக் தொய்வைச் சேறு நீக்கிய பிறகே அளக்க வேண்டும்: ஐட்லருக்கும் (டிராக்கின் முன்பக்கச் சக்கரம்) மேல் ரோலருக்கும் நடுவே நேரான கம்பியை வைத்துப் பார்த்தால் நடுத்தர டோசரில் பெரும்பாலும் 20 முதல் 30 மி.மீ. இருக்கும், உங்கள் வண்டியின் கையேட்டில் உள்ள அளவே இறுதி. இறுக்கம் குறைக்க கிரீஸ் பிளக்கை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்தாதீர்கள். உள்ளே இருக்கும் கிரீஸ் பெரும் அழுத்தத்தில் பீறிடும், நேர் எதிரே முகத்தை வைக்கக் கூடாது.

புதியவருக்கு முகாம் தரை சமப்படுத்தும் வேலையை முதலில் கொடுங்கள், பிறகு இருக்கும் சாலையின் பராமரிப்பு, அதன் பிறகு புது வெட்டு. பனி அகற்றலைக் கடைசியில்தான் தர வேண்டும், ஏனென்றால் அங்கே விளிம்பும் தெரியாது, பனிக்குள் கிடக்கும் பாறையும் தெரியாது. மேல் சரிவைப் பார்க்க ஒரு ஆள் தனியாக நிற்க வேண்டும். ஆபரேட்டருக்குக் கை சைகை காட்டுவது ஒருவர் மட்டுமே. நிறுத்தச் சொல்லும் சைகையை மட்டும் யார் காட்டினாலும் உடனே வண்டியை நிறுத்திப் பிளேடை இறக்க வேண்டும்.