எவர்ட்டனின் புது ஸ்டேடியம்: பழையதையும் சேர்த்துப் பார்த்தால்தான் புரியும்

லிவர்பூல் நகரத்துக்குப் போகும் கால்பந்து ரசிகர்கள் யாராக இருந்தாலும், எந்தக் கிளப்பை ஆதரித்தாலும், எவர்ட்டனின் புது ஸ்டேடியத்தில் ஓர் ஆட்டமாவது பார்த்துவிடுங்கள். பழைய மைதானத்தை விட்டுவிட்டுப் புதிதாகக் கட்டிக்கொண்டு போன கிளப்புகள் பலவற்றின் புது இடம் விமான நிலையம் மாதிரி இருக்கும், எந்த ஊரில் கொண்டுபோய் வைத்தாலும் பொருந்திவிடும். எவர்ட்டனின் ஹில் டிக்கின்சன் ஸ்டேடியம் அப்படி இல்லை. மெர்சி நதிக்கரையில், ஒரு பழைய கப்பல் துறைக்குள், அந்த ஊருக்கே உரியதாக நிற்கிறது. ஆனால் இது ஏன் இவ்வளவு நன்றாக வந்திருக்கிறது என்று புரிய வேண்டுமானால், சுமார் இரண்டு மைல் தள்ளி இருக்கும் பழைய மைதானமான குடிசன் பார்க்கையும் பார்க்க வேண்டும்.

குடிசனுக்கு வருவதற்கு முன் எவர்ட்டன் ஆடியது ஆன்ஃபீல்டில். ஆமாம், இன்று லிவர்பூல் கிளப் ஆடும் அதே ஆன்ஃபீல்டில்தான். 1884 முதல் 1892 வரை அங்கே இருந்தார்கள், 1891-ல் முதல் லீக் பட்டம் வென்றதும் அங்கே இருந்தபோதுதான். இடத்துக்காரர் ஜான் ஹோல்டிங், பீர் ஆலை வைத்திருந்தவர், 100 பவுண்டாக இருந்த வருட வாடகையை 250 வரை ஏற்றிவிட்டார். அதில் தொடங்கிய சண்டை முற்றி, கிளப் நிர்வாகக் குழுவில் இருந்த ஜார்ஜ் மாஹன் பக்கம் நின்ற உறுப்பினர்கள் ஸ்டான்லி பூங்காவுக்கு அந்தப் பக்கம் போய் ஓர் இடம் வாங்கி மைதானம் கட்டினார்கள். ஆளில்லாமல் கிடந்த ஆன்ஃபீல்டில் ஆடுவதற்காக ஹோல்டிங் புதிதாக ஆரம்பித்த கிளப்தான் லிவர்பூல். ஒரு வாடகைத் தகராறு இல்லையென்றால் இந்த நகரத்தில் இன்று இருக்கும் லிவர்பூலின் சிவப்பும் இல்லை, எவர்ட்டனின் நீலமும் அந்தச் சிவப்பும் மோதும் டெர்பி என்ற உள்ளூர் ஆட்டமும் இல்லை.

குடிசன் பார்க் திறந்தது 1892 ஆகஸ்ட் 24. கால்பந்துக்கென்றே கட்டப்பட்ட இங்கிலாந்தின் முதல் பெரிய ஸ்டேடியம் அது. ஆட்டக்காரர்களுக்கு மைதான ஓரத்தில் கூரை போட்ட இருக்கை வைத்ததும், புல்லுக்கு அடியில் சூடேற்றும் கம்பி பதித்ததும் (1958) இங்கிலாந்தில் இங்கேதான் முதலில் நடந்தது. ஆர்ச்சிபால்ட் லீச் என்ற ஸ்காட்லாந்துப் பொறியாளர் அமைத்த புல்லன்ஸ் ரோடு ஸ்டாண்டின் முகப்பில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இரும்புச் சட்டங்கள் எவர்ட்டன்காரர்களுக்குக் கிளப் சின்னம் போலவே ஆகிவிட்டன. எவர்ட்டன் வீரர் டிக்ஸி டீன் ஒரே சீசனில் 60 லீக் கோல் அடித்தாரே, அந்த 60-வது கோல் 1928 மே 5 அன்று இங்கேதான் விழுந்தது. அதே டீன் 1980-ல், இதே மைதானத்தில் ஒரு டெர்பியைப் பார்த்துக்கொண்டிருந்தபோது இறந்துபோனார். 1966 உலகக் கோப்பையில் வடகொரியா மூன்று கோல் முன்னிலையில் இருந்து, யூசேபியோ நான்கு கோல் அடித்துப் போர்ச்சுகலை 5-3 என்று காப்பாற்றியதும் இங்கேதான். 1948-ல் ஒரு டெர்பிக்கு 78,299 பேர் வந்திருக்கிறார்கள், இன்று அந்தத் தெருக்களின் அகலத்தைப் பார்த்தால் அத்தனை பேர் எப்படி உள்ளே போனார்கள், எப்படி வெளியே வந்தார்கள் என்று பிடிபடவே இல்லை.

அவ்வளவு பெருமையும் சரி, ஆட்டம் பார்க்க வசதியான இடமா என்றால் இல்லை. கடைசிக் காலத்தில் 39 ஆயிரத்துச் சொச்சம் இருக்கைகள், அதில் ஏகப்பட்டவற்றுக்கு முன்னால் ஒரு தூண். கார்னர் அடிக்கும்போது கழுத்தை வளைத்துத்தான் பார்க்க வேண்டும். சில பகுதிகளில் மர இருக்கைகள், முழங்கால் முன்னால் இருப்பவர் முதுகில் இடிக்கும். பெரிதாக்கலாம் என்றால் இடமே கிடையாது, மூன்று பக்கம் வீடுகள், ஒரு மூலையில் இரண்டு ஸ்டாண்டுகளுக்கு நடுவே செயின்ட் லூக்ஸ் தேவாலயம். அந்தக் காலத்தில் அதன் கூரைமேல் ஏறி ஆட்டம் பார்த்தவர்கள் உண்டு. குடிசனின் சத்தம் அவ்வளவு பேர்பெற்றதற்கு அந்த நெருக்கடிதான் காரணம். 1985-ல் ஐரோப்பிய கப் வின்னர்ஸ் கோப்பை அரையிறுதியில் பயர்ன் மியூனிக்கை 3-1 என்று வென்ற இரவைப் பற்றி அந்த ஊர்ப் பெரியவர்களிடம் கேட்டுப் பாருங்கள், பேச்சை நிறுத்த மாட்டார்கள்.

வேறு இடம் தேடும் வேலை பல வருடம் இழுத்தது. கிங்ஸ் டாக்கில் கட்டும் திட்டம் பணம் இல்லாமல் 2003-ல் விழுந்தது. நகர எல்லைக்கு வெளியே கிர்க்பியில், சூப்பர் மார்க்கெட்டோடு சேர்த்துக் கட்டும் திட்டத்தை 2009-ல் அரசாங்கமே நிராகரித்தது. அது நடக்காமல் போனதற்கு நான் சந்தோஷப்படுகிறேன், ஊரைவிட்டு வெளியேறி ஒரு கடைத்தெருவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் இந்தக் கிளப்பின் முகமே மாறியிருக்கும்.

அப்புறம்தான் பிராம்லி-மூர் டாக். துறைமுகப் பொறியாளர் ஜெஸ்ஸி ஹார்ட்லி கட்டி 1848-ல் திறந்த துறை, நிலக்கரி ஏற்றுமதிக்கானது. 2021 ஆகஸ்டில் வேலை ஆரம்பித்து, ஐரிஷ் கடலின் அடியிலிருந்து எடுத்த மணலைக் கொட்டித் துறையை நிரப்பி, அதன்மேல் 52,769 பேர் உட்காரும் ஸ்டேடியத்தை எழுப்பியிருக்கிறார்கள். வேலை ஆரம்பிப்பதற்கு ஒரு மாதம் முன்பு, ஜூலையில், யுனெஸ்கோ லிவர்பூலை உலகப் பாரம்பரியப் பட்டியலிலிருந்தே நீக்கியது. சொன்ன காரணங்களில் இந்த ஸ்டேடியமும் ஒன்று. எனக்கு அந்த முடிவில் உடன்பாடு இல்லை. ஏனென்றால் நேரில் பார்க்கும்போது தெரிகிறது: ஹார்ட்லியின் கருங்கல் மதில் நிற்கிறது, துறையின் சுவர்களை இடிக்காமல் மணலுக்கு அடியில் விட்டிருக்கிறார்கள், 1883-ல் கட்டிய ஹைட்ராலிக் கோபுரம் பழுதுபார்க்கப்பட்டுக் கம்பீரமாக நிற்கிறது, கப்பல்களைக் கயிற்றால் கட்டிப்போடும் இரும்புத் தூண்களும் பழைய தண்டவாளங்களும் காலடியில் அப்படியே கிடக்கின்றன. பொதுமக்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாமல் மதிலுக்குள் கிடந்த இடத்துக்கு இப்போது ஐம்பதாயிரம் பேர் வந்து போகிறார்கள்.

வெளிச்சுவரின் செங்கல் வேலைப்பாட்டில் லீச்சின் அந்தக் குறுக்குச் சட்ட வடிவம் ஓடுகிறது, சற்றுத் தள்ளி நின்று பாருங்கள், அருகில் போனால் தெரியாது. பழையதை நினைவுபடுத்துவதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தோன்றவில்லை. தூண்களையும் மர நாற்காலிகளையும் போலியாகச் செய்து வைக்காமல் விட்டார்களே, அதற்கு முதல் வடிவத்தை வரைந்த டான் மைஸ் என்ற அமெரிக்கக் கட்டடக் கலைஞருக்குப் பெரிய நன்றி.

உள்ளே போனதும் கண் போவது தெற்கு ஸ்டாண்டுக்கு. ஒரே தளம், சுமார் 13,000 பேர், சரிவு அனுமதிக்கப்பட்ட எல்லையை ஒட்டி ஏறக்குறைய 35 டிகிரி. முன்னால் நிற்பவர் எவ்வளவு உயரமானாலும் மறைப்பதில்லை, சத்தம் மேலே சிதறாமல் நேராகக் கோல் கம்பத்தின் மேல் போய் விழுகிறது. எந்த இருக்கைக்கும் முன்னால் தூண் கிடையாது. அணிகள் வரும்போது சைரனும், குடிசனில் 1960களிலிருந்து ஒலித்துவந்த ‘இசட்-கார்ஸ்’ டிவி தொடர் இசையும் இங்கேயும் ஒலிக்கின்றன. நடைபாதைகள் அகலம், கழிவறைக்காக இரண்டாம் பாதியின் முதல் பத்து நிமிடத்தை இழக்க வேண்டியதில்லை.

இங்கே முதல் லீக் ஆட்டம் 2025 ஆகஸ்ட் 24 அன்று, பிரைட்டனுக்கு எதிராக, 2-0 வெற்றி. தேதியைக் கவனியுங்கள், குடிசன் திறந்த அதே நாள், 133 வருடம் கழித்து. மே 18-ல் சவுத்தாம்ப்டனுக்கு எதிராகக் குடிசனில் ஆண்கள் அணியின் கடைசி இரண்டு கோல்களையும் அடித்த இலிமன் எண்டியாயேதான் இங்கேயும் முதல் கோலை அடித்தார்.

குறைகள் இருக்கின்றன. போய் வருவது சிரமம். பக்கத்து ரயில் நிலையம் சாண்ட்ஹில்ஸ், சின்ன நிலையம், ஆட்டம் முடிந்ததும் நீண்ட வரிசை. நடக்க முடிந்தவர்கள் நதியை ஒட்டி நகர மையம் வரை நடந்துவிடுங்கள், அரை மணிக்கு மேல் ஆகும், ஆனால் வரிசையில் நிற்பதைவிட மேல். காற்று பயங்கரம், ஆகஸ்டிலும் ஒரு ஜாக்கெட் வேண்டும். இன்னொன்று பெயர்: ஒரு சட்ட நிறுவனத்துக்கு விற்றிருக்கிறார்கள். கட்டுமானச் செலவைப் பார்த்தால் காரணம் புரிகிறது, ஆனாலும் துறையின் பெயரையே வைத்திருக்கலாம். சுற்றிலும் இன்னும் கிடங்குகளும் வெற்றிடங்களும்தான், குடிசனைச் சுற்றி இருந்த சிப்ஸ் கடை, பப், வீட்டு வாசலில் நிற்கும் பாட்டிகள், இதெல்லாம் வர ஒரு தலைமுறையாவது ஆகும்.

குடிசனை இடித்துவிட்டு வேறு கட்டுவதாகத்தான் முதலில் பேச்சு. 2024 டிசம்பரில் கிளப்பை வாங்கிய ஃப்ரீட்கின் குழுமம் 2025 மே மாதம் அதைப் பெண்கள் அணிக்கு நிரந்தர மைதானமாகக் கொடுத்துவிட்டது. புது உரிமையாளர்கள் எடுத்த முடிவுகளிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ஆக, ஒரு வார இறுதியில் இரண்டு அணிகளுக்கும் சொந்த மண்ணில் ஆட்டம் இருக்கிறதா என்று அட்டவணையில் பார்த்துவிட்டுப் பயணத்தைப் போடுங்கள். பெண்கள் ஆட்டத்துக்கு டிக்கெட் எளிதாகக் கிடைக்கும், விலையும் குறைவு. ஆண்கள் ஆட்டத்துக்கு உறுப்பினர் அட்டை இருந்தால்தான் நல்ல இடம் கிடைக்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் தெற்கு ஸ்டாண்டைத் தவிர்த்துவிட்டு மேற்கே எடுங்கள், இடைவேளையில் வெளித் தளத்துக்குப் போனால் நதி தெரியும்.